பிரம்பும் பிஸ்கட்டும்: வீட்டு நாயைப் பழக்கும் முறைகள் பற்றி ஒரு மதிப்பீடு

வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்தால் அறிவுரைகளும் கூடவே வந்துவிடுகின்றன. "சின்னதிலேயே ரெண்டு தட்டு தட்டி வைக்கணும், இல்லேன்னா தலைக்கு மேல ஏறிடும்" என்பார் எதிர்வீட்டுப் பெரியவர். "அடிச்சா கெட்டுப்போயிடும், பிஸ்கட்டைக் கொடுத்துப் பழக்குங்க" என்பார் கால்நடை மருத்துவமனை வரிசையில் பக்கத்தில் நிற்பவர். 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழி வழங்கும் ஊரில் முதல் கட்சிக்கு ஆள் அதிகம். ஆனால் இந்த வாதம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூறாண்டுக்கு மேல் நடந்து, கடந்த இருபது ஆண்டுகளில் ஆய்வுகளின் சாட்சியத்தோடு ஏறக்குறைய முடிவுக்கு வந்திருக்கிறது. அந்தச் சாட்சியம் என்ன, அதன் வலு எவ்வளவு, நம் வீடுகளுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. பார்த்து முடிக்கும்போது ஒன்று தெளிவாகும். பயிற்சி என்று நாம் ஒதுக்கும் கால் மணி நேரம் நாயின் படிப்பில் சிறு பகுதிதான். சோறு வைப்பது, கட்டிப்போடுவது, குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது என்று மிச்ச நேரம் முழுக்க நடப்பவற்றிலிருந்துதான் அது பெரும்பாலானதைக் கற்றுக்கொள்கிறது.

அடக்கும் மரபு வந்த வழி

நாயை அடக்கிப் பழக்கும் முறைக்கு நூல்வடிவம் தந்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் கொன்ராட் மோஸ்ட். காவல்துறை நாய்களைப் பழக்கிய அனுபவத்தை 1910இல் புத்தகமாக எழுதினார். சொன்னதைச் செய்யும்வரை கட்டாயப்படுத்துவதும், செய்ததும் விட்டுக்கொடுத்துப் பாராட்டுவதும் அவர் வழி. அமெரிக்காவில் இதைக் குடும்பங்களுக்குக் கொண்டுபோனவர் வில்லியம் கோஹ்லர். 1962இல் வெளிவந்த அவருடைய நூல் பல பதிப்புகள் கண்டது. கழுத்தை இறுக்கும் சங்கிலியைச் சுண்டி இழுப்பது அதன் அடிப்படை. தோட்டத்தில் குழி தோண்டும் நாயின் தலையை, அந்தக் குழியிலேயே தண்ணீர் நிரப்பி அமிழ்த்தலாம் என்று கூட அது பரிந்துரைத்தது. இராணுவ நாய்களைப் பழக்கியவர், டிஸ்னி திரைப்பட நாய்களின் பயிற்சியாளர் என்ற பெயர் அவருக்கு இருந்ததால் அந்தப் பரிந்துரைகளை அதிகம் பேர் கேள்வி கேட்கவில்லை.

இந்த மரபுக்கு அறிவியல் பூச்சு ஓநாய்களிடமிருந்து வந்தது. ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து, அவை தலைமைக்காகச் சண்டையிட்டுக்கொள்கின்றன என்று 1947இல் எழுதினார். டேவிட் மெக் 1970இல் எழுதிய ஓநாய் நூல் 'ஆல்ஃபா' என்ற தலைவன் கருத்தைப் பரப்பியது. அதிலிருந்து நாய்க்கு ஒரு தாவல்: நாய் ஓநாயின் வாரிசு, ஆகவே வீட்டில் அது தலைமைக்குப் போட்டியிடும், ஆகவே உரிமையாளர் அதை மல்லாத்திப் போட்டு அமுக்கித் தலைவனாகக் காட்ட வேண்டும். பின்னாளில் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் கவனித்த அதே மெக், 1999இல் தன் கருத்தைத் திருத்திக்கொண்டார். இயல்பான ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, அவற்றின் குட்டிகள் கொண்ட குடும்பம். முன்பின் தெரியாத ஓநாய்களை ஒரே வேலிக்குள் அடைத்தால் மூளும் சண்டையை அதன் மீது ஏற்றக்கூடாது என்றார். தன் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்தையே கேட்டுக்கொண்டார். ஓநாய்க்கே பொருந்தாத கணக்கு, பல்லாயிரம் ஆண்டுகள் மனிதரோடு வாழ்ந்து மாறிய நாய்க்கு எப்படிப் பொருந்தும்?

கற்றல் நடக்கும் விதம்

மறுபக்கத்தின் வேர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. நல்ல விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழும், தராதது தேயும் என்பதை எட்வர்ட் தார்ன்டைக் 1898இல் கூண்டுக்குள் அடைத்த பூனைகளை வைத்துக் காட்டினார். ரஷ்யாவின் இவான் பாவ்லோவ், சோற்றோடு சேர்ந்து வரும் ஒலிக்கே நாயின் வாயில் எச்சில் ஊறுவதைக் கண்டார். உளவியலாளர் ஸ்கின்னர் 1938இல் எழுதிய நூல் இந்தக் கற்றலின் விதிகளை முறைப்படுத்தியது. அவரிடம் பயின்ற கெல்லர், மரியன் பிரெலண்ட் தம்பதி இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த விதிகளைக் கோழி, பன்றி, நாய் எல்லாவற்றிடமும் பயன்படுத்தி அதைத் தொழிலாகவே நடத்தினர். ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய காரென் பிரையர் 1984இல் எழுதிய நூல்தான் இதை நாய் வளர்ப்போர் கைக்குக் கொண்டுவந்தது. டால்பின் கழுத்தில் சங்கிலி மாட்ட முடியாது. மிரட்டினால் நீந்திப் போய்விடும். மீனைக் கொடுத்துத்தான் வேலை வாங்க முடியும். அதே வழியை நாயிடம் ஏன் பின்பற்றக்கூடாது என்பதே அவர் கேள்வி.

நடைமுறையில் இது எளிது. நாய் உட்கார்ந்த அந்த நொடியில் ஒரு சிறு ஒலி, உடனே ஒரு துண்டு உணவு. ஒலிக்குக் 'கிளிக்கர்' என்ற சிறு கருவி உண்டு; நாக்கைச் சொடுக்கினாலும் போதும், 'சபாஷ்' என்றாலும் போதும், எப்போதும் ஒரே ஒலியாக இருந்தால் சரி. பாவ்லோவின் விதிப்படி அந்த ஒலியே நாயிடம் சோற்றின் மதிப்பைப் பெற்றுவிடுகிறது. அதனால் எந்தச் செயலுக்குப் பரிசு என்பதை நொடி பிசகாமல் சொல்ல முடிகிறது. மாலையில் வீடு திரும்பி, காலையில் கடித்துப்போட்ட செருப்பைக் காட்டி அடிப்பது பலிக்காததற்கும் இதுவே காரணம். அடியை நாய் செருப்போடு சேர்ப்பதில்லை, திரும்பி வந்த உங்களோடு சேர்க்கிறது. "தப்புப் பண்ணினது அதுக்கே தெரியுது, மூஞ்சியைப் பாருங்க" என்பார்கள். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் 14 நாய்களை வைத்துச் செய்த சோதனையில், அந்தக் குற்ற முகம் நாய் தப்புச் செய்ததைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் திட்டியதைப் பொறுத்தே வந்தது. ஒரு தவறும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் தூக்கலாக இருந்தது.

நாம் அறியாமலே பரிசு கொடுக்கும் இடங்களும் உண்டு. வாசலில் கூரியர்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அவர் போய்விடுகிறார். நாயின் கணக்கில் குரைப்பு வென்றுவிட்டது. தினமும் வென்றால் அது ஏன் நிறுத்த வேண்டும்? சாப்பாட்டு மேசையருகே முனகும் நாய்க்கு ஐந்து நாள் மறுத்து ஆறாம் நாள் ஒரு இட்லித் துண்டு போட்டால், 'விடாமல் முனகினால் கிடைக்கும்' என்று கற்றுக்கொடுத்துவிட்டோம்.

சாட்சியமும் அதன் எல்லையும்

பிரிட்டனில் 364 உரிமையாளர்களிடம் ஹிபி குழுவினர் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், தண்டனையை அதிகம் கையாண்ட வீடுகளில் நாயின் தொல்லைகளும் அதிகம் இருந்தன. பரிசு முறையைப் பின்பற்றியவர்களின் நாய்கள் சொல் கேட்பதில் முந்தின. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெகன் ஹெரான் குழு 2009இல் 140 உரிமையாளர்களின் பதில்களைத் தொகுத்தது. அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதத்தினரின் நாய்கள் எதிர்த்துச் சீறின அல்லது பாய்ந்தன. மல்லாத்தி அமுக்கியபோது 31 சதவீதம், முறைத்துப் பார்த்தபோது 30 சதவீதம். ஓநாய்க் கதையை நம்பி நாயை அமுக்குபவர் தன் கையையே பணயம் வைக்கிறார் என்று பொருள்.

இந்த இரண்டும் உரிமையாளர் சொன்னதைக் கேட்டு எழுதியவை. தண்டனையால் தொல்லை வந்ததா, தொல்லை செய்யும் நாய்க்குத் தண்டனை அதிகம் விழுந்ததா என்று அவற்றை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. ஹெரான் ஆய்வின் நாய்கள் ஏற்கெனவே நடத்தைக் கோளாறுக்காக மருத்துவமனைக்கு வந்தவை. ஆகவே நேரில் அளந்த ஆய்வுகளுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. போர்ச்சுகலில் வியேரா டி காஸ்ட்ரோ குழு 2020இல் வெளியிட்டது அப்படிப்பட்டது. வெவ்வேறு பயிற்சிப் பள்ளிகளில் படித்த 92 நாய்களைப் படம்பிடித்து, எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பை அளந்தார்கள். வலியும் மிரட்டலும் அதிகமுள்ள பள்ளிகளின் நாய்கள் பயிற்சியின்போது அதிகம் பதற்றம் காட்டின. பயிற்சிக்கு வெளியே, உணவு இருக்குமா இராதா என்று ஐயம் தரும் கிண்ணத்தை நோக்கிப் போவதிலும் அவை தயங்கின. நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பே அவற்றிடம் குறைந்திருந்தது.

சரி, அழுத்தம் இருந்தாலும் வேலை நடக்கிறதே என்பார்கள். அதற்கும் அதே 2020இல் பிரிட்டனிலிருந்து பதில் வந்தது. கூப்பிட்டால் வராத நாய்களுக்கு மின்னதிர்ச்சிப் பட்டைதான் கடைசி மருந்து என்று விற்றுவந்தார்கள். லூசி சைனா குழு இத்தகைய சிக்கலுள்ள 63 நாய்களை மூன்று பிரிவாக்கிய சோதனையை ஆராய்ந்தது. பரிசு முறையில் பழகியவை மின்பட்டை மாட்டியவற்றுக்குக் கொஞ்சமும் சளைக்கவில்லை. சில அளவுகளில் முந்தவும் செய்தன. வேல்ஸ் நாடு 2010இலேயே மின்பட்டைகளைத் தடை செய்துவிட்டது. அமெரிக்காவின் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2021இல், எந்த நாய்க்கும் எந்தச் சிக்கலுக்கும் பரிசு முறையையே பின்பற்ற வேண்டும் என்று நிலைப்பாடு எடுத்தது.

தண்டனை பலிக்காது என்று யாரும் நிரூபிக்கவில்லை. சில நேரம் பலிக்கும். பரிசு அதே வேலையைக் குறைந்த சேதத்தில் செய்கிறது என்பதுதான் கண்டது. உறுமலுக்கு அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்தலாம். பயம் அப்படியே இருக்க, எச்சரிக்கை மட்டும் போய்விட்டது. அடுத்த முறை அது நேராகக் கடிக்கும்.

எதிர்வாதங்கள்

"பிஸ்கட் கையில் இருந்தால்தான் கேட்கும்" என்பது முதல் குறை. பிஸ்கட்டைக் காட்டி வேலை வாங்கினால் அப்படித்தான் ஆகும். வேலை முடிந்தபின் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, பழகியபின் எல்லா முறையும் கொடுக்காமல் சில முறை மட்டும் கொடுத்தால் பழக்கம் நிற்கும். உணவின் அளவை அன்றைய சோற்றில் கழித்துக்கொள்ளலாம். பரிசு உணவாகவே இருக்கவும் வேண்டாம். பந்து, கதவு திறப்பது, தெருவில் ஒரு கம்பத்தை மோந்து பார்க்க விடுவது எல்லாம் பரிசே.

"போலீஸ் நாயை இப்படிப் பழக்க முடியுமா?" என்பது அடுத்தது. வெடிகுண்டும் போதைப்பொருளும் தேடும் நாய்கள் பெரும்பாலும் ஒரு பந்துக்காகவே தேடுகின்றன. கண்டுபிடித்ததும் பந்து கிடைக்கும். மோப்பம் பிடிக்கும்படி நாயை அடித்து வைக்க முடியாது.

"அப்படியானால் எதையும் கண்டிக்கவே கூடாதா?" என்பதும் கேட்கப்படும். எல்லை வேண்டும். மேலே பாயும் குட்டிக்கு முகம் திருப்பிக்கொண்டு, நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் கவனிப்பதும் கண்டிப்புதான். செருப்பை அலமாரியில் வைப்பது அதைவிடச் சிறந்த கண்டிப்பு.

பரிசு முறைக்கும் எல்லை உண்டு என்பதைச் சொன்னவர்கள் அதன் முன்னோடிகளான பிரெலண்ட் தம்பதியே. காசை உண்டியலில் போடக் கற்ற பன்றி, நாள் செல்லச் செல்ல அதை மூக்கால் மண்ணில் முட்டிப் புரட்டத் தொடங்கியது என்று 1961இல் எழுதினார்கள். பிறவிக்குணம் பாடத்தை மீறும். சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் கண்ணால் பார்த்து ஓடி முயல் பிடிக்க வளர்த்தெடுக்கப்பட்டவை. ஓடுகிற ஆட்டுக்குட்டியின் பின்னால் போகும் சிப்பிப்பாறைக்கு அந்த ஓட்டமே பெரிய பரிசு. உங்கள் பிஸ்கட் அதன் முன் எம்மாத்திரம்? திறந்தவெளியில் அதற்கு நீளக் கயிறுதான் சரி. ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கு வளர்ந்தவை. அந்நியரைக் கண்டு குரைக்காதே என்று அவற்றிடம் எதிர்பார்ப்பதைவிட, இரண்டு குரைப்புக்குப் பின் கூப்பிட்டால் வருவதைப் பழக்குவது நடக்கக்கூடியது.

முதல் மாதங்கள்

ஸ்காட், ஃபுல்லர் இருவரும் அமெரிக்காவில் நாய்க்குட்டிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1965இல் எழுதிய நூலின்படி, ஏறக்குறைய மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை குட்டியின் மனக்கதவு அகலத் திறந்திருக்கிறது. அப்போது கண்ட மனிதர், ஒலி, விலங்கு எதுவும் பின்னால் எளிதில் பயம் தருவதில்லை. நம் வீடுகளில் நேரும் சிக்கல் இங்குதான். தடுப்பூசி முடியும்வரை குட்டியை வெளியே விடாதே என்கிறோம். அந்த ஊசிகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரை நீள்கின்றன. பார்வோ வைரஸ் ஆபத்தும் உண்மைதான். ஊசி போடாத நாய்கள் நடமாடும் தெருவில் குட்டியை இறக்கிவிடாமல், கையில் தூக்கிக்கொண்டு காட்டலாம். ஆட்டோ சத்தம், குக்கர் விசில், தலைக்கவசம் போட்டவர், பள்ளிக் குழந்தைகள், கோயில் மேளம் என்று ஒவ்வொன்றையும் குட்டி தாங்கும் தூரத்திலிருந்து, ஒரு துண்டு உணவோடு அறிமுகப்படுத்த வேண்டும். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளில் உள்ளது. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருந்து, கடியின் அழுத்தத்தைக் குறைக்கக் கற்கும் காலம் அது.

சிறுநீர்ப் பழக்கம் இதே வகைதான். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் உடனே வெளியே கொண்டுபோய், அங்கேயே பாராட்டினால் சில வாரங்களில் பிடிபடும். வீட்டுக்குள் போனதற்கு மூக்கைத் தேய்த்தால், உங்கள் கண்படாத மூலையில் போகக் கற்கும்.

அன்றாடப் பராமரிப்பே பாடம்

சங்கிலியிலிருந்து தொடங்கலாம். நாள் முழுதும் வாசற்கம்பியில் கட்டிக் கிடக்கும் நாய், தெருவில் போகும் எல்லாவற்றையும் பார்க்கிறது, எதையும் நெருங்க முடிவதில்லை. அந்த ஏமாற்றம் குரைப்பாகி, குரைப்பு கடியாகிறது. நியாயமற்ற நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதும் அடிப்பதும் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். தினம் இருவேளை நடை, அதில் மோந்து பார்க்கத் தாராள நேரம் என்று கொடுத்தாலே பல வீடுகளில் பாதிப் புகார் தணியும்.

நடைக்கு வெயில் பார்க்க வேண்டும். நாய்க்குப் பாதத்தில் மட்டுமே வியர்க்கும். சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் தணிக்கிறது. தார்ச்சாலையில் புறங்கையைச் சில நொடிகள் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. 2003இல் வந்த ஹட்ச் கைப்பேசி நிறுவன விளம்பரத்துக்குப் பின் வீடுதோறும் வந்த பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குக் கோடை உயிராபத்து.

உணவில் நம் சமையல் ஒரு கண்ணி. சாம்பார்ச் சோற்றிலுள்ள சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தின் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும், சர்க்கரையில்லா மிட்டாய்களிலுள்ள சைலிட்டாலும் நஞ்சு. வெந்த எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். சோறே ஆகாது என்பது மிகை. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாயிடம் பன்மடங்கு என்பதை 2013இல் ஆக்செல்சன் குழு காட்டியது. சோறு செரிக்கும், அதை மட்டும் கொடுத்தால் புரதம் போதாது. முட்டை, இறைச்சி, மீன் சேர வேண்டும்.

குளியல், நகம், காது, பல் இவற்றில்தான் பயிற்சியும் பராமரிப்பும் ஒன்றாகின்றன. நான்கு பேர் அமுக்கிப் பிடித்து நகம் வெட்டினால், அடுத்த முறைக்கு ஆறு பேர் வேண்டும். முதல் நாள் பாதத்தைத் தொட்டு ஒரு துண்டு, அப்புறம் நகவெட்டியைக் காட்டி ஒரு துண்டு, பின் ஒரே ஒரு நகம் என்று சில நாளில் முடிகிற வேலை அது. தினம் உடலைத் தடவிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் காதிடுக்கில் உண்ணி கண்ணில் படும். உண்ணி பரப்பும் காய்ச்சல் நம் தட்பவெப்பத்தில் சாதாரணம்; சோர்வும் பசியின்மையும் முதல் அறிகுறிகள். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவதும், காய்ச்சலுக்கு நம் பாராசிட்டமாலைக் கொடுப்பதும் வேண்டாம். நன்றாகப் பழகிய நாய் திடீரென்று உறுமினால் பயிற்சியாளருக்கு முன் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். காது வலியும் மூட்டு வலியும் கோபம் போலவே தோன்றும்.

தீபாவளி தனிப்பாடம். சில வாரங்களுக்கு முன்பே பதிவுசெய்த வெடிச்சத்தத்தை மிக மெல்ல ஒலிக்கவிட்டு, உணவோடு சேர்த்து, மெல்ல மெல்லக் கூட்டலாம். அன்று சாளரம் அடைத்த உள்ளறையும் பக்கத்தில் ஒருவரும் வேண்டும். தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்பது தவறான நம்பிக்கை. கடும் பயத்துக்கு மருந்து உண்டு.

தெருநாயும் வெறிநோயும்

எல்லா நாயும் கடையில் வாங்கியதல்ல. தெருக்குட்டியை எடுத்து வளர்ப்போருக்குக் கொல்கத்தாவில் அனிந்திதா பத்ரா குழு செய்த ஆய்வுகள் உதவும். தெருநாய்கள் மனிதர் கைகாட்டும் திசையைப் புரிந்துகொள்கின்றன. 2017இல் வந்த அவர்களின் ஆய்வில், முன்பின் தெரியாதவரை நம்புவதற்கு உணவைவிடத் தலையைத் தடவிக்கொடுத்ததே அதிகம் உதவியது. 'நாட்டு நாய் பழகாது' என்பதற்கு இது நேர் எதிர்.

பழக்கம் எப்படியிருந்தாலும் ஊசியில் சமரசம் இல்லை. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாயால் வருவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று மாதத்தில் முதல் ரேபிஸ் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும். கடியோ கீறலோ பட்டால், வீட்டு நாயே ஆனாலும், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முடிவாக

அடிக்கும் முறைக்கு ஆதரவாக வந்த ஓநாய்ச் சான்று, அதைப் பரப்பியவராலேயே திரும்பப் பெறப்பட்டுவிட்டது. பலன் அதிகம் என்ற வாதமும் சோதனையில் நிற்கவில்லை. பெரும்பாலான ஆய்வுகள் மேலைநாட்டு வீட்டு நாய்களை வைத்தவை; வாசலில் படுத்து, தெருவோடு உறவாடி வளரும் நம் நாய்களைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் பெருக வேண்டும். ஆனால் கற்றலின் விதி ஊருக்கு ஊர் மாறுவதல்ல.

பயிற்சியாளரை அமர்த்துவோர் மூன்று கேள்வி கேட்டால் போதும். நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள்? தவறினால் என்ன செய்வீர்கள்? நான் கூட இருந்து பார்க்கலாமா? மூன்றாவதற்கு 'வேண்டாம்' என்பவரிடமும், ஒரு மாதம் விட்டுவிட்டுப் போங்கள் என்பவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். அவருக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒரு வாரம் நாயின் நாளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: எத்தனை மணி நேரம் சங்கிலியில் இருந்தது, எத்தனை நிமிடம் நடந்தது, எப்போது குரைத்தது, குரைத்ததும் அதற்கு என்ன கிடைத்தது, நன்றாக இருந்தபோது யாராவது கவனித்தார்களா. வீட்டார் திருத்த வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்தத் தாளிலேயே இருக்கும், மிச்சத்துக்குத்தான் பயிற்சியாளர்.